சமிக்கிக்கு ஒரு முறம்

ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண ப்ளவுஸ் அது. கை இரண்டையும் முடித்துவிட்டு முதுகில் மயில் போட்டுக்கொண்டிருந்தேன். மயிலுக்கு நான்கு நிறத்தில் 3 மில்லிமீட்டர் சமிக்கி, இரண்டு நிறத்தில் சுகர் பீட்ஸ் என்ற பொடி மணி, ஓரத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிய ஜர்தோசிச் சுருள் கம்பி. எல்லாவற்றையும் ஒரே எவர்சில்வர் தட்டில் தனித்தனிக் குவியலாகக் கொட்டிக்கொண்டு, ஊசியால் எடுத்து எடுத்துத் தைப்பது என் வழக்கம். இரவு பத்து மணிக்கு வேலையை நிறுத்தி, மிச்சமிருந்ததை டப்பாக்களுக்குத் திருப்பப் பார்த்தேன். பச்சைக் குவியலை மட்டும் விரலால் ஓரத்துக்குத் தள்ளித் தட்டைச் சாய்த்தேன். மற்ற எல்லாமும் சேர்ந்து சரிந்தன. பாதி டப்பாவுக்குள், பாதி பாயில். கோரைப்பாய் இடுக்கில் புகுந்த சுகர் பீட்ஸை எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. கலந்ததைப் பிரிக்கும் தெம்பு அன்றைக்கு இல்லை. அப்படியே ஓர் ஊறுகாய் பாட்டிலில் அள்ளிப் போட்டு மூடினேன். அதற்குப் பிறகு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டில்தான் முதலில் கண்ணில் படும்.

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் வீட்டில் ஆரி ஃப்ரேம் (கொக்கி ஊசியால் பூவேலை செய்யத் துணியை இழுத்துக் கட்டும் சட்டம்) போட்டு வேலை செய்பவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். மற்ற மூவரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் டப்பா மூடிகளில் கொட்டிக்கொள்கிறார். இன்னொருவர் மடியில் வெல்வெட் துணியை விரித்து அதில் போட்டுக்கொள்கிறார். மூன்றாமவர் ஐஸ் ட்ரே. எடுப்பதற்கு எல்லாமே வசதிதான். திரும்ப டப்பாவில் போடுவது எப்படி என்று கேட்டால்தான் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பேப்பர மடிச்சு ஊத்துவேன்கா. கொஞ்சம் கீழ கொட்டும். பெருக்கிடுவேன்." கொட்டுவது ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகைதான். ஆனால் அது காசு கொடுத்து வாங்கிய சிட்டிகை.

இதைக் கேட்டபிறகுதான் என் மனதில் ஒன்று தெளிவானது. எனக்கு வேண்டியது சமிக்கியை வைத்துக்கொள்ளும் தட்டு இல்லை. திரும்ப ஊற்றும் தட்டு.

முக்கோண வடிவில் பிளாஸ்டிக் தட்டு கடையில் கிடைக்கிறது. அதையும் ஒன்று வாங்கினேன். மணிகளுக்கு அருமையாக இருக்கிறது. சமிக்கிதான் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. சமிக்கியும் பிளாஸ்டிக், தட்டும் பிளாஸ்டிக். இரண்டும் உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகி, மெல்லிய வில்லைகள் சுவரில் அப்பிக்கொள்கின்றன. தட்டிவிட்டால் இந்தச் சுவரை விட்டு அந்தச் சுவருக்குப் போகின்றன. இரவில் ஏசி ஓடும்போது அறைக்காற்று காய்ந்துவிடுவதால் இன்னும் மோசம். காகிதம் அப்படி இல்லை. காற்றில் உள்ள ஈரத்தை எப்போதும் கொஞ்சம் குடித்து வைத்திருப்பதால் மின்னூட்டம் அதில் தங்காமல் கசிந்துவிடும். கடற்கரையை ஒட்டியிருக்கும் எங்கள் பகுதியில் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? ஆகவே காகிதம் என்று முடிவு செய்தேன்.

முதல் தட்டைப் பழைய கல்யாணப் பத்திரிகையில் செய்தேன். கெட்டியான அட்டை, வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கிறது, வீணாகவும் போகாது என்ற எண்ணம். நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் மடித்து, சின்ன சதுரப் பெட்டி மாதிரி ஒட்டினேன். மூன்று தப்பு. ஒன்று, பத்திரிகையில் இருந்த தங்க அச்சும் பூ வேலையும் கண்ணைக் குழப்பின. தங்க நிறச் சமிக்கி எது, பிள்ளையாரின் கிரீடம் எது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு, ஒரு சென்டிமீட்டர் சுவர் போதவில்லை. சீலிங் ஃபேனை 3-இல் வைத்தால் சமிக்கி எழும்பிப் பறந்தது. மூன்றாவதுதான் பெரிய தப்பு. சதுர மூலை வழியாக ஊற்றினால் சுவரின் உயரத்தை ஏறித் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். மணி தாண்டிவிடும். சமிக்கி மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு அடைத்துவிடும், பிறகு ஒரேயடியாக விழும். விழும் இடம் டப்பா இல்லை, பாய்.

இரண்டாவது தட்டில் மூலையையே வெட்டி எடுத்துவிட்டேன். ஊற்றுவது சரியானது. ஆனால் வேலை செய்யும்போது அந்த ஓட்டை வழியே மணி உருண்டு ஓடியது. ஓட்டைக்கு அரை சென்டிமீட்டரில் ஒரு வாசற்படி ஒட்டினேன். பழையபடி சமிக்கி படியில் சிக்கியது.

இந்த இரண்டு தட்டையும் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார்தான் வழி சொன்னார். அத்தை காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். நெத்திலிக் கருவாட்டை முறத்தில் போட்டு மணல் போகக் கொழிப்பதை இன்றைக்கும் அவரே செய்வார். என் கையில் கொடுக்க மாட்டார்.

"இன்னாம்மா இது, நாலு பக்கமும் செவுரு வெச்சுட்டு வெளிய வான்னா எப்படி வரும்? மொறத்துக்கு மூணு பக்கந்தான செவுரு" என்றார்.

"மொறத்துல வெச்சா உருண்டு ஓடிடாதா அத்தை?"

"ஏன் ஓடுது? வாயத் தூக்கிப் புடி."

முறத்தை அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்தேன். பின்புறம் சுவர் உயரமாக இருக்கிறது. பக்கச் சுவர்கள் வாய்க்கு வர வரத் தாழ்ந்துகொண்டே போகின்றன. வாயில் சுவரே இல்லை. கையில் பிடிக்கும்போது வாய் எப்போதும் சற்று மேலே தூக்கியிருக்கும். சாமான் தானாகப் பின்னால் தங்கும். கொட்ட வேண்டுமென்றால் வாயைக் கீழே சாய்த்தால் போதும், எதையும் தாண்ட வேண்டியதில்லை. எனக்கு மாற்ற வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. முறம் வாய்ப்பக்கம் அகன்றிருக்கும். என் டப்பாவின் வாய் இரண்டு சென்டிமீட்டர்தான். அதனால் பின்புறம் அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்க வேண்டும்.

இனி அளவு. நான்கைந்து தரம் வெட்டிப் பார்த்துக் கடைசியில் நின்ற அளவு இது: பின்கோடு 11.5 செ.மீ., வாய் 1.5 செ.மீ., நடுவில் நீளம் 12 செ.மீ. முதலில் நீளவாட்டில் 12 செ.மீ. கோடு ஒன்று இழுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு நுனியில் இரண்டு பக்கமும் 5.75 செ.மீ. குறியுங்கள்; அதுதான் பின்கோடு. மறுநுனியில் இரண்டு பக்கமும் 0.75 செ.மீ.; அது வாய். பின்கோட்டின் முனையையும் வாயின் முனையையும் இணைத்தால் பக்கக் கோடு. இந்த அளவை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 5.75-இல் 0.75 போனால் 5. நீளம் 12. பள்ளிக்கூடத்தில் படித்த 5, 12, 13 முக்கோணம் அப்படியே வந்துவிடுகிறது: 25-உம் 144-உம் சேர்ந்தால் 169. ஆக, பக்கக் கோட்டை ஸ்கேலால் அளந்தால் 13 செ.மீ. வர வேண்டும். இரண்டு பக்கமும் 13 வந்தால் தட்டு கோணல் இல்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். கோணமானி வேண்டாம், மூலைமட்டம் வேண்டாம்.

சுவருக்கு, பின்கோட்டுக்கு வெளியே 2 செ.மீ. பக்கக் கோடுகளுக்கு வெளியே, பின்முனையில் 2 செ.மீ., வாய்முனையில் 1 செ.மீ. குறித்துச் சரிவாகக் கோடு போட வேண்டும், முறத்தின் பக்கச் சுவர் மாதிரி. பின்சுவரின் இரு ஓரத்திலும் 1.5 செ.மீ. நீட்டி ஒரு காது விட வேண்டும். ஒட்டுவது இந்தக் காதுகளைத்தான். இப்படி வரைந்தால் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 15.2 செ.மீ. அகலம், 14.4 செ.மீ. நீளம் பிடிக்கிறது. ஏ4 அட்டை 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தட்டு உட்கார்ந்துவிடும். பக்கத்தில் ஐந்தேமுக்கால் செ.மீ. அகலத்தில் நீளப் பட்டை ஒன்று மிஞ்சும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கால் செய்ய அது வேண்டும்.

அட்டைக்கு வருகிறேன். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். முதலில் பக்கத்திலேயே ஒரு கடையில் 300 ஜிஎஸ்எம் என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். மடித்துச் சுவர் நிறுத்தினால் துவண்டது. சந்தேகம் வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதில் பதினாறில் ஒரு பங்கு ஏ4. அப்படியானால் 300 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று 18.75 கிராம், பத்து வைத்தால் 187 அல்லது 188 கிராம் காட்ட வேண்டும். தராசு காட்டியது 138. கணக்குப் போட்டால் 220 ஜிஎஸ்எம். அட்டை வாங்கும் யாரும் பத்து ஷீட்டை ஒரு தரம் நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் நேராக ஆண்டர்சன் தெருவுக்கே போனேன். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து பாரிமுனைக்குப் போவது எங்களுக்கு அலுப்பாகவே தெரிவதில்லை. தண்டையார்பேட்டையில் ஏறி நான்காவது நிலையம் உயர் நீதிமன்றம். இறங்கி நடந்தால் கல்யாணப் பத்திரிகையும் காகிதமும் அட்டையுமாகத் தெருவே மணக்கும். கடைக்காரர், "என்ன போர்டுக்கா, ஆர்ட் கார்டா, ஐவரியா?" என்றார். ஆர்ட் கார்டு பளபளக்கும். ட்யூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுச் சமிக்கியோடு சேர்ந்து மின்னும். எனக்கு மங்கலான பரப்புதான் வேண்டும். ஐவரி 300 கேட்டேன். வெள்ளையில் பத்து, அடர் நீலத்தில் பத்து. அங்கேயே ஏ4 அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் நாராயண முதலி தெருவில் குந்தன் கல்லும் சுகர் பீட்ஸும் வாங்காமல் வர முடியுமா? வாங்கினேன்.

நீலம் எதற்கென்றால், முத்தும் வெள்ளைக் கல்லும் வெள்ளை அட்டையில் கண்ணுக்கே தெரியாது. பத்து மணி நேர வேலைக்குப் பிறகு கண் எரிவதற்குப் பாதிக் காரணம் வெள்ளையில் வெள்ளையைத் தேடுவதுதான் என்பது என் அனுபவம். முத்து, குந்தன், வெள்ளிச் சமிக்கி எல்லாம் நீலத் தட்டுக்கு. மற்ற நிறமெல்லாம் வெள்ளைத் தட்டுக்கு.

காகிதத்துக்கு வாட்டம் உண்டு, துணிக்கு நெடுக்கு வாட்டம் இருப்பது போல. ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடுகின்றன. அந்தத் திசையில் மடித்தால் கோடு கத்தி மாதிரி வரும். குறுக்கே மடித்தால் மேல்பரப்பு வெடித்து நார் பிதுங்கும். என் முதல் பத்திரிகைத் தட்டில் இரண்டு சுவர் அழகாகவும் இரண்டு சுவர் கிழிந்த மாதிரியும் வந்ததற்கு இதுதான் காரணம். கண்டுபிடிப்பது சுலபம். ஷீட்டை ஒடிக்காமல் நீளவாட்டில் ஒரு தரம், அகலவாட்டில் ஒரு தரம் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த மடிப்பின் திசைதான் வாட்டம். கை உணர்வில் நம்பிக்கை இல்லையென்றால், சின்னத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழலாகச் சுருளும். குழலின் நீளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வாட்டம். இந்தத் தட்டில் நீளமான இரண்டு மடிப்பும் ஏறக்குறைய நெடுக்காகப் போவதால், தட்டின் நீளத்தை வாட்டத்தோடு வைத்து வரைந்தால் அவை இரண்டும் ஒழுங்காக வந்துவிடும். பின்கோடு ஒன்றுதான் குறுக்கே விழும். அதை மட்டும் இரண்டு தரம் கீறிக்கொள்வேன்.

கீறுவது என்றால் வெட்டுவதில்லை. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவும் எவர்சில்வர் ஸ்கேலும் போதும். அட்டைக்கு அடியில் பத்திருபது செய்தித்தாளை அடுக்கிக்கொள்ள வேண்டும். வெறும் தரையில் வைத்தால் பள்ளம் விழாது. கோடு போடுவதையும் கீறுவதையும் அட்டையின் பின்பக்கத்தில் செய்யுங்கள். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரும்படி மடிக்க வேண்டும். பள்ளத்துக்கு மறுபக்கம் எழும்பும் மேடு மடிப்பின் உள்ளே போகும். பார்க்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் இப்படி மடித்தால்தான் அட்டையின் நார் இழுபடாமல் மடிகிறது. தட்டின் உள்ளே பென்சில் கோடும் தெரியாது.

வெட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்கோடும் பக்கக் கோடும் சேரும் மூலைப் புள்ளி வரைதான் கத்தரி போகலாம். ஒரு நூல் தாண்டினாலும் மடித்த பிறகு அந்த இடத்தில் குண்டூசித் துளை விழும். சுகர் பீட்ஸ் இரண்டு மில்லிமீட்டர்தான். அது போகாவிட்டாலும் ஜர்தோசித் துண்டு அதில் நுழைந்து செருகிக்கொள்ளும். எனக்கு மூன்று தட்டு இப்படிப் போயிற்று. இப்போது கத்தரியைப் புள்ளிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை ப்ளேடு நுனியால் தொட்டு விடுகிறேன்.

காதை உள்ளே ஒட்டக் கூடாது, வெளியே ஒட்ட வேண்டும். உள்ளே ஒட்டினால் அதன் ஓரத்தில் சமிக்கி செருகி நிற்கும். பக்கச் சுவர் சரிந்து இறங்குவதால் காதின் மேல்முனை ஒரு மில்லிமீட்டர் போல எட்டிப் பார்க்கும். அதைச் சரிவாக நறுக்கிவிடுங்கள், விரலில் குத்தாது. பசை எது என்பதில் எனக்கும் அத்தைக்கும் கருத்து வேறுபாடு. அவருடைய தம்பிக்குக் காத்தாடி ஒட்டிக் கொடுத்த காலத்திலிருந்து அவருக்கு மைதாப் பசைதான். நன்றாகத்தான் ஒட்டுகிறது. ஆனால் மாவுப் பசை இருக்கும் இடத்துக்கு இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வந்துவிடும். துணி வைத்திருக்கும் அலமாரியில் அதை நான் அனுமதிக்க முடியாது. ஃபெவிகால்தான் வைக்கிறேன். சொட்டு வைத்து அமுக்கினால் அட்டை தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். ஒரு சொட்டைப் பழைய சிம் கார்டு அட்டையால் மெல்லிய படலமாக இழுத்து, இரண்டு துணி க்ளிப் போட்டு அரை மணி நேரம் விட்டால் பிடித்துக்கொள்கிறது.

கால். மிஞ்சிய பட்டையிலிருந்து 3 செ.மீ. அகலம், 4.4 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு. அதை 1.2 செ.மீ.க்கு ஒரு கீறலாக மூன்று கீறல் போட்டு முக்கோணக் குழலாக மடித்தால், மிச்சம் 0.8 செ.மீ. ஒட்டுவதற்கு. குழலின் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரும். தட்டின் அடியில், வாயிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒட்ட வேண்டும். அந்த இடத்தில் தட்டின் அகலம் மூன்று செ.மீ.யைச் சற்றே தாண்டும், அதனால் கால் வெளியே தெரியாது. வாயின் நுனி காலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதால் டப்பாவின் வாயில் நுழைந்து உட்காரும். அத்தை சொன்ன "வாயத் தூக்கிப் புடி" என்பதற்குக் கைக்குப் பதில் இந்தக் கால். உயரத்தை ஒன்றரையாக்கிப் பார்த்தேன். மணியெல்லாம் பின்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து ஊசிக்கு எட்டவில்லை. அரையாக்கினால் ஓடிவிடுகிறது. ஒன்றில் நின்றது.

ஊசி என்றதும் நினைவுக்கு வருகிறது. எவர்சில்வர் தட்டில் மணியைக் கோக்கும்போது ஆரி ஊசியின் நுனி வழுக்கும், நாளடைவில் மழுங்கும். காகிதத் தரையில் நுனி லேசாகப் பதிகிறது. மணியும் நழுவாமல் நிற்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறு மணியை ஒரே வீச்சில் கோக்க முடிகிறது.

நான் செய்த இரண்டு மெனக்கெடல்கள் தோற்றன, அதையும் எழுதிவிடுகிறேன். தரை இன்னும் வழவழப்பாக இருக்கட்டும் என்று உள்ளே அகலமான செல்லோடேப் ஒட்டினேன். பிளாஸ்டிக் தட்டில் எதற்காக வேண்டாம் என்று சொன்னேனோ அதே சங்கடம் திரும்பி வந்தது. சமிக்கி டேப்பில் அப்பிக்கொண்டது. சரி, அடியில் மட்டும் ஒட்டினால் ஈரம் தாங்குமே என்று அடுத்த தட்டில் அப்படிச் செய்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் அது படகு மாதிரி வளைந்துவிட்டது. ஒரு பக்கம் ஈரம் குடிக்கிறது, டேப் ஒட்டிய பக்கம் குடிக்கவில்லை. குடித்த பக்கம் மட்டும் விரிந்தால் வளையாமல் என்ன செய்யும்? டேப்பே ஒட்டாத தட்டுகள் அதே மழையில் சற்று மெத்தென்று ஆயின, வளையவில்லை. அட்டையை அட்டையாகவே விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தையும் போட்டு மூடி வைக்கிறேன். நாலைந்து மாதம் தாங்குகிறது. போனால் இன்னொன்று செய்ய இருபது நிமிடம்.

வாயை உள்பக்கம் வைத்துத் தட்டுகளை ஒன்றையொன்று ஒட்டி அடுக்கியபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. 5-க்கு 12 என்ற சரிவில் ஒவ்வொரு தட்டும் ஏறக்குறைய 45 பாகை விரிகிறது. எட்டு தட்டு வைத்தால் ஒரு முழு வட்டம். குறுக்களவு 30 செ.மீ. வருகிறது, எங்கள் வீட்டு 14 அங்குலத் தாம்பாளத்தில் எட்டும் தாமரை இதழ் மாதிரி உட்கார்ந்தன. எட்டாவது மட்டும் சற்றுத் தள்ளி உட்காரும். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, கோலம் மாதிரி இருக்கு" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளே அவளுக்கு நான்கு தட்டு வெட்டிக் கொடுத்தேன். வேலை செய்யும்போது எனக்கு நான்கு போதும். ஃப்ரேமுக்கு வலப்பக்கம் அரைவட்டமாக வைத்துக்கொள்கிறேன். தாம்பாளத்தை அப்படியே தூக்கி நகர்த்தலாம், பிள்ளைகள் ஓடி வந்தால் கட்டில்மேல் வைத்துவிடலாம்.

கடைசியில் அந்த ஊறுகாய் பாட்டில். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துப் பெரிய வெள்ளைத் தட்டு ஒன்றில் கொட்டினேன். சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்த அத்தை, "கொண்டா இங்க" என்று வாங்கிக்கொண்டார். தட்டைத் தரையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, வாயை லேசாகத் தூக்கி, கருவாட்டைக் கொழிப்பது போலவே மெல்ல மெல்ல ஆட்டினார். உருண்டையான சுகர் பீட்ஸ் எல்லாம் உருண்டு பின்சுவரில் போய்ச் சேர்ந்தன. தட்டையான சமிக்கி இருந்த இடத்திலேயே நின்றது. ஜர்தோசித் துண்டுகள் இரண்டுக்கும் நடுவில். கண்ணாடி போடாமல் செய்தார். நான் விரலால் பிரித்திருந்தால் ஒரு நாள் ஆகியிருக்கும்.

பிறகு நிறம் பிரிப்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு அவருக்குக் கண் போதாது; நான் உட்கார்ந்தேன். ஈரமாக்கிய தீக்குச்சி நுனியால் தொட்டுத் தொட்டுப் பச்சையை ஒரு தட்டுக்கு, நீலத்தை ஒரு தட்டுக்கு, அரக்கை ஒரு தட்டுக்கு. ஒவ்வொரு தட்டு நிறைந்ததும் டப்பாவின் வாயில் நுனியைச் செருகிச் சாய்த்தேன். சரசரவென்று ஒரே ஓட்டமாக இறங்கியது. பாயைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் விழுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் ஏழு டப்பாவும் மூடியாயிற்று. பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அதில் மாவடு போட வேண்டும் என்று அத்தை அப்போதே கேட்டு வைத்துக்கொண்டார்.